பிரஷர்காரி

மரவள்ளிக் கிழங்கு வெட்டும்போது கொடுவாள் நழுவி இடது உள்ளங்கையில் இறங்கிவிட்டது. அதற்குத் தையல் போடத்தான் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். கட்டுப் போட்டு முடித்த நர்ஸ், வலது கையில் பட்டையைச் சுற்றி பிரஷர் பார்த்தார். கொஞ்ச நேரம் உட்காரச் சொல்லிவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"தலை சுத்துதாக்கா? படபடப்பு ஏதாச்சும்?"

"ஒண்ணும் இல்லீங்க சிஸ்டர். கைதான் வலிக்குதுங்க."

"வலியில ஏறியிருக்கலாம். தையல் பிரிக்க வரும்போது பாப்போம்."

தையல் பிரித்த அன்று வலி இல்லை, பிரஷர் மட்டும் அப்படியே இருந்தது. அடுத்த வாரமும் அதேதான். தினம் ஒரு மாத்திரை, உப்பைக் குறைக்க வேண்டும் என்றார்கள். எனக்கு நம்பவே முடியவில்லை. எங்கள் ஊர்ப் பாக்குக்கோட்டை மேட்டை மூச்சு வாங்காமல் ஏறுகிறவள் நான். எங்கேயும் வலிக்காத ஒரு நோய்க்கு ஆயுளுக்கும் மாத்திரையா?

ஆனாலும் போட்டேன். காலையில் பல் விளக்கியதும் மாத்திரைதான், பிறகுதான் டீ. உப்பில்லாத குழம்பை என் கணவர் ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளினார். "பிரஷர் உனக்கா எனக்கா?" என்று கேட்டார். அன்றிலிருந்து இரண்டு சட்டி. அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று. இரண்டையும் ஆக்குவது நான்.

இதெல்லாம் பழகிப்போனது. பழகாதது வேறொன்று. எனக்கு பிரஷர் என்று ஊருக்குத் தெரிந்த நாளிலிருந்து என் கோபத்துக்கு மரியாதை போய்விட்டது.

எங்கள் காடும் என் கணவரின் அண்ணன் காடும் ஒரே சரிவில் ஒட்டியிருக்கின்றன. நடுவில் வரிசையாக சில்வர் ஓக் மரங்கள். அவற்றில் ஏறியிருந்த மிளகுக் கொடிகளெல்லாம் கல்யாணமாகி வந்த பிறகு நான் நட்டு வளர்த்தவை. ஒரு நாள் காலை மிஷின் வாள் சத்தம் கேட்டு ஓடினேன். மூன்று மரங்கள் சாய்ந்து கிடந்தன. பச்சை மிளகு சரம் சரமாகக் காய்த்திருந்த கொடிகள் மண்ணில் நசுங்கிக் கிடந்தன.

"யாரைக் கேட்டு மாமா வெட்டுனீங்க?" என்று அங்கே நின்ற கணவரின் அண்ணனிடம் கத்தினேன்.

அவர் என்னை விட்டுவிட்டு, பின்னாலேயே ஓடி வந்த என் கணவரைப் பார்த்துச் சொன்னார்: "தம்பி, அம்மணிக்கு பிரஷர் ஏறிப்போச்சாட்டம் இருக்குது. ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போ."

என் கணவரும் முழங்கையைப் பிடித்து இழுத்தார். "வா புள்ள, உனக்கு ஆகாது."

வெட்டியது யார் மரம் என்ற பேச்சே எழவில்லை. ஊர்ப் பெரியவர்கள் முன்னால் பேச்சு வந்தபோதும் அதே கதைதான். நான் எழுந்து நின்று வாயைத் திறந்ததும் ஒருவர் சொம்பில் தண்ணீர் நீட்டினார். "உக்காரு கண்ணு. ஒடம்பைப் பாத்துக்க. மரம் போனாப் போவுது." அவர்களில் ஒருவர் என்னைவிட உரக்கத்தான் பேசிக்கொண்டிருந்தார். அவருக்கு யாரும் தண்ணீர் கொடுக்கவில்லை.

அந்த மாதம் மாத்திரை வாங்கப் போனபோது பிரஷர் இறங்காமல் நின்றது. புதிதாக வந்திருந்த டாக்டரம்மா கேட்டார்: "மாத்திரையை ஒழுங்கா போடறீங்களா?"

"ஒரு நாளும் விட்டதில்லீங்க."

"உப்பு?"

"தனிச் சட்டியில ஆக்குறேனுங்க."

அவர் நம்பாதது முகத்தில் தெரிந்தது. கூட வந்திருந்த என் கணவர், யாரும் கேட்காமலே, "ரொம்பக் கோவப்படுவாளுங்க" என்றார். சொன்னதையெல்லாம் செய்தும் குற்றவாளிபோல ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.

"அவரு சொல்றதை விடுங்கம்மா," என்றேன். "மாத்திரை போட்டும் எறங்கலைன்னா, மாத்திரைதான் பத்தலையோ என்னமோ. அதைப் பாருங்க."

பக்கத்தில் நின்ற நர்ஸ், "அந்தக்கா தவறாம வர்றவங்கதான் டாக்டர்" என்றார். டாக்டரம்மா சீட்டை எடுத்து, ரத்தம், சிறுநீர் சோதனைக்கு எழுதினார். முடிவுகள் வந்ததும், "சிலருக்கு ஒரு மாத்திரை பத்தாது. இன்னொண்ணு சேர்த்துத் தர்றேன்" என்றார். அவ்வளவுதான் விஷயம். அதைச் சொல்ல இத்தனை மாதம் ஆனது.

மர விவகாரத்தையும் நான் விடவில்லை. கணவர் வர மறுத்ததால் தாலுகா ஆபீசுக்குத் தனியாகவே போய் நிலத்தை அளக்க மனுக் கொடுத்தேன். இன்று வா, அடுத்த வாரம் வா என்று நடக்கவைத்தார்கள். கடைசியில் சர்வேயர் வந்து சங்கிலி பிடித்தார். மர வரிசை முழுவதும் எங்கள் பக்கம்தான் விழுந்தது. மீதி மரங்கள் தப்பின. வெட்டுப்பட்ட மூன்றுக்கும் கணவரின் அண்ணன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. காய்ந்த கொடிகளை நானே அள்ளி ஓரத்தில் போட்டேன்.

இரண்டாவது மாத்திரை ஆரம்பித்துச் சில வாரங்களில் பிரஷர் இறங்கியது. நிலம் அளந்ததும் அதே சமயத்தில் நடந்து தொலைத்தது. ஊருக்கு அது போதாதா?

களத்தில் மிளகு காயவைத்துக்கொண்டிருந்தபோது கணவரின் அண்ணன் மனைவி வந்தார். "மரம் உனக்குன்னு ஆனதும் பிரஷர் எறங்கிப்போச்சாமே. எல்லாம் மனசுதான்."

"மனசு இல்லீங்கக்கா, மாத்திரை. ரெண்டு மாத்திரை போடறேன்."

"அதென்னமோ. கோவத்தை விட்டே, சரியாப்போச்சு."

"நான் கோவத்தை விடவே இல்லீங்க!" குரல் என்னையறியாமல் உயர்ந்துவிட்டது. "எனக்கு இன்னமும் கோவம்தான். மூணு மரத்துக்கு யாரு பதில் சொல்றது?"

அக்கா பதறி என் தோளில் கை வைத்தார்.

"மெல்லப் பேசு சாமி. மறுபடி ஏறிக்கப்போவுது."