இடது ஜன்னலுக்குக் கீழே

டிரெய்லர் லாரியின் டிரைவர் சீட்டில் நான் உட்கார்ந்தது ஒரே ஒரு முறை. தம்பி கைகொடுத்து ஏற்றிவிட்டான். புடவைக் கொசுவத்தை ஒரு கையில் அள்ளிப் பிடித்து, மூச்சு வாங்க ஏறி உட்கார்ந்ததும் முதலில் வந்தது ஒரு சின்னப் பெருமைதான். துறைமுகத்துக்குள் போவதற்காக எண்ணூர் சாலையில் வரிசைகட்டி நிற்கும் வண்டிகள், டீ கிளாசோடு சாலையோரம் நிற்கும் டிரைவர்கள், எல்லாமே எனக்குக் கீழே. "இப்ப லெஃப்டு பக்கம் பாருக்கா" என்றான். பார்த்தேன். ஜன்னல் நிறையக் கடல். அலையைத் தடுக்கக் கொட்டிய பாறைகள். "பாப்பா எங்க?" என்று கேட்டான். கொஞ்ச நேரத்துக்கு முன் அந்த ஜன்னலுக்குக் கீழேதான் என் மகளைச் சைக்கிளோடு நிற்கச் சொல்லிவிட்டு ஏறியிருந்தேன். அவளைக் காணவில்லை. உட்கார்ந்தபடியே கழுத்தை நீட்டிப் பார்த்தேன். வெளியே மாட்டியிருந்த கண்ணாடியில் பார்த்தேன். பதறிப்போய்ப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். "இங்கதாம்மா நிக்கிறேன்" என்று குரல் மட்டும் வந்தது.

நான் ராயபுரத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். பயப்படுவது என் சுபாவம். மகள் பள்ளிக் காலத்திலிருந்தே மாநகராட்சிக் குளத்தில் நீந்துகிறவள்; கல்லூரிக்குப் போனபின் ஓடவும் தொடங்கினாள். அடுத்தபடியாக டிரையத்லான் என்றாள். நீந்தி, கரையேறி, சைக்கிள் ஓட்டி, பிறகு ஓடி முடிக்கவேண்டுமாம். மூன்றில் இரண்டுதான் கையில் இருக்கிறதே, அது போதாதா என்று கேட்டேன். அவள் அப்பா கப்பலில் வேலை செய்கிறார். எங்கிருந்தோ போனில், "சைக்கிள்தான கேக்குறா, வாங்கிக் குடேன்" என்றார். கடலில் இருக்கும் மனிதருக்குச் சாலையைப் பற்றி என்ன கவலை! எங்கள் பக்கத்தில் நீளமாக மிதிக்க இருப்பது எண்ணூர் சாலை ஒன்றுதான். அது டிரெய்லர்களின் சாலை.

தம்பியும் டிரெய்லர் ஓட்டுகிறவன்தான். இரண்டு வருடத்துக்கு முன் அவன் வண்டியில் ஒரு விபத்து நடந்து, ஒருவர் இறந்துபோனார். அவன் மேல் தவறில்லை என்று வழக்கு முடிந்தது. மறுபடி வண்டி ஏறினான். அதைப்பற்றி அவன் பேசியதே இல்லை. நாங்களும் கேட்டதில்லை. கேட்காமல் இருப்பதுதான் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அவன் சிரித்துப் பேசியதெல்லாம் மகளிடம் மட்டும்தான். சைக்கிள் பேச்சு வந்ததும், "காது குத்தறப்ப மடில வெச்சிகினேன், சடங்குக்குப் பொடவை எத்தாந்தேன். இதுவும் தாய்மாமன் சீருதான். நீ உள்ள பூராதக்கா" என்று சொல்லி என் வாயை அடைத்துவிட்டான்.

மகளின் மனம் ஏற்கெனவே ஒரு பழைய வண்டியில் விழுந்திருந்தது. நீச்சல் தோழி ஒருத்தியின் அண்ணன், ஒரே போட்டியோடு ஆசை தீர்ந்து விற்க வைத்திருந்தது. இந்தப் போட்டிக்கென்றே செய்த வண்டி. புதிதாக என்றால் எங்கள் குடும்பம் கனவில்கூட வாங்கமுடியாது. பழையதென்பதால் சகாய விலைக்குக் கிடைப்பதாக இருந்தது. ஓட்டிப் பார்க்கச் சொல்லி அந்தப் பையன் அதைக் கொடுத்தனுப்பியிருந்தான். சைக்கிளின் ஃபிரேம் கார்பன் அல்ல, அலுமினியம் என்று அதையே ஒரு நல்ல செய்திபோல மகள் எனக்கு விளக்கினாள். கார்பன் பழையதாக வாங்கினால் உள்ளே விரிசல் இருந்தாலும் வெளியே தெரியாதாம். தம்பி சைக்கிளைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"இன்னா பாப்பா, ஸ்டாண்டுகூட இல்ல. சாய்ச்சி வெக்க ஒரு ஆள சம்பளத்துக்குப் போடணுமா?"

"செவுத்துல சாச்சுக்கலாம் மாமா."

"பெல்லு?"

"பெல்லு மாட்டிட்டுப் போனா எல்லாரும் சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும், பல்லு நல்லா கீதான்னு பாத்துக்கலாம். சரி, இது இன்னாது, மாட்டுக்கொம்பு மாரி முன்னால ரெண்டு?"

அவள் ஏறிக் காட்டினாள். நான் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டேன். முழங்கைகளை ஊன்றி, கைகளை அந்தக் கொம்புகளின்மேல் நீட்டி, முதுகை மடித்து, ஏறக்குறையப் படுத்துக்கொண்டாள். காற்று தடுக்காதாம். தம்பியின் சிரிப்பு நின்றது. "பிரேக்கு எங்க?" என்றான். பிரேக் பிடிகள் தள்ளி, வெளிப்பக்கக் கைப்பிடியில் இருந்தன. பிடிக்கவேண்டுமென்றால் எழுந்து கையை மாற்றவேண்டும். "நாயித்துக்கெழம வண்டி வரிசைல நிக்கும். இத்த எத்துகினு ரெண்டு பேரும் வாங்க" என்று மட்டும் சொன்னான்.

அப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் திருவொற்றியூருக்குப் போய் அந்த சீட்டில் ஏறினேன். மகள் நின்றபோதே தெரியவில்லை என்றால், படுத்துக்கொண்டு வந்தால் எங்கே தெரியப்போகிறாள்? நான் இறங்கப் பார்த்தேன். தம்பி கதவுப் படியில் நின்றபடி வழியை மறித்திருந்தான். என்னைப் பார்க்காமல், எனக்கு அந்தப் பக்கம் இருந்த ஜன்னலைப் பார்த்துச் சொன்னான்.

"அங்கதாங்கா இருந்தாரு."

யார் என்று கேட்டுவிட்டேன். கேட்டபின்தான் புரிந்தது.

"கம்பெனி விட்டு வூட்டுக்குப் போய்கினு இருந்தாரு. சைக்கிளு. நான் லெஃப்டு ஒடிக்கறேன், அவுரு அங்க கீறாரு. இப்ப நீ இன்னா பாத்தியோ அதான் நானும் பாத்தது. கடலு." கதவுக் கம்பியைக் கை மாற்றிப் பிடித்தான். "நான் பாக்கலன்னு எழுதிகினு வுட்டுட்டாங்க. கரீட்டுதான். பாக்கல."

அப்போது இடது ஜன்னலில் என் மகளின் முகம் எழுந்தது. எங்களைக் காணோமென்று சைக்கிளைச் சாய்த்துவிட்டு அந்தப் பக்கப் படியில் ஏறியிருக்கிறாள். ஜன்னல் கண்ணாடி இறக்கியிருந்தது. எவ்வளவு கேட்டாள் என்று இன்றுவரை நான் விசாரிக்கவில்லை. "மாமா, டீ வாங்கிக் குடு" என்றாள். மறுநாள் அந்தப் பழைய சைக்கிளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள். யாரும் சொல்லவில்லை.

பிறகு கடைக்குப் போய் வாங்கியது ஒரு சாதாரண ரோடு பைக். வளைந்த கைப்பிடி, கை இருக்கும் இடத்திலேயே பிரேக், கொஞ்சம் அகலமான டயர், தலை நிமிர்ந்து உட்காரும்படியான இருக்கை. முதல் போட்டிக்கு இது தாராளம் என்றார் கடைக்காரர். முன்கொம்புகளை வேண்டுமானால் அப்புறம் தனியாக மாட்டிக்கொள்ளலாம் என்று தொடங்கியவர், தம்பியின் முகத்தைப் பார்த்துப் பேச்சை மாற்றினார். நான் என் பங்குக்கு, ஒரு அளவு பெரியதாக எடுத்தால் நாள்பட உழைக்குமே என்றேன். "யூனிஃபார்மாம்மா இது, வளந்து போட்டுக்க?" என்று மகள் கேட்க, கடையே சிரித்தது. தம்பி சொன்னபடி சீராகவே கொண்டுவந்து இறக்கினான்: தட்டில் பழம், பூ, இனிப்பு, கைப்பிடியில் மல்லிகைச் சரம், அதன் நடுவே பளபளவென்று ஒரு பெல். பூவை அன்றே எடுத்துவிட்டாள். பெல்லைக் கழற்றவில்லை.

விடியும் நேரத்தில் கிளம்புவாள். தம்பி தன் டிரைவர் நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவு போட்டிருந்தான்: "மஞ்ச சட்டை, வெள்ளை ஹெல்மெட்டு. என் அக்கா பொண்ணு. கண்ணு வெச்சிக்கோங்கப்பா." அன்றிலிருந்து வரிசையில் நிற்பவர்கள் செய்தி சொல்லத் தொடங்கினார்கள். அவன் அதை எனக்கு அனுப்புவான். "மாமு, உன் பொண்ணு எண்ணூர் தாண்டிச்சி." "திரும்பிகினு வருது மாமு, இன்னா ஸ்பீடு!" சட்னி அரைத்தபடி கேட்பேன். பெயர் தெரியாத யார் யாரோ என் மகளைக் கைமாற்றிக் கைமாற்றி வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பயம் போகவில்லை. நின்று மூச்சுவிட இடம் கிடைத்தது, அவ்வளவுதான்.

போன வாரம் ஒருநாள் வழக்கமான நேரம் கடந்தும் ஒன்றும் வரவில்லை. தம்பிக்குப் போன் செய்தேன். குழுவில் கேட்டுப் பார்த்தான். பதிலாக வந்த ஒரு குரலைத் தெரியாமல் எனக்கும் அனுப்பிவிட்டான். "இன்னிக்குப் பாக்கலியே மாமு." மகளின் போன் அணைந்திருந்தது. மீண்டும் தம்பியை அழைத்தபோது அவன் எடுக்கவில்லை. வரிசையில் நின்ற வண்டியைக் கிளீனரிடம் விட்டுவிட்டு, ஒவ்வொரு டிரெய்லரின் இடதுபக்கமாகக் குனிந்து பார்த்துக்கொண்டே அவன் ஓடியதாக மற்ற டிரைவர்கள் பிறகு சொன்னார்கள்.

அவளுக்கு ஒன்றுமில்லை. டயர் பஞ்சராகி, மாற்று டியூபைப் போடவும் தெரியாமல், மீன் ஏற்றிவந்த ஆட்டோவில் சைக்கிளைப் போட்டுக்கொண்டு வேறு வழியாக வந்து சேர்ந்தாள். மேலெல்லாம் மீன் வாடை. நான் அடிக்கக் கை ஓங்கி, அழுது, இட்லி எடுத்து வைத்தேன். தம்பிக்குச் சொன்னேன். "வந்துட்டாளா, சரிக்கா" என்று வைத்துவிட்டான்.

கொஞ்ச நேரத்தில் படியில் காலடி கேட்டது. தம்பிதான். சட்டை முழுவதும் வியர்வையில் நனைந்திருந்தது. முழங்காலெல்லாம் தார்ச் சாலையின் கரி. உள்ளே வா என்றேன், வரவில்லை. தண்ணீர் கொடுத்தேன், வாங்கவில்லை. "ஸாரி மாமா, சார்ஜ் போச்சு" என்றாள் மகள், வாயில் இட்லியோடு. அவன் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு, தலையிலிருந்து கால்வரை, மறுபடி தலைவரை, அவளைப் பார்த்துக்கொண்டே நின்றான். ஒருவர் இன்னொருவரை அவ்வளவு நேரம் பார்த்து நான் கண்டதில்லை.

"பாத்துட்டேங்கா" என்று என்னிடம் சொல்லிவிட்டு, வண்டிக்குத் திரும்பிப் போனான்.