ஆவுடைத்தாய் அளந்த பனி

ஆவுடைத்தாய்க்கு ஐம்பத்து நாலு வயது. பாளையம்பட்டியிலிருந்து தினமும் பஸ் ஏறி, திருச்சுழியில் ஓர் அரசு அலுவலகத்துக்கு உதவியாளர் வேலைக்குப் போகிறாள். தபால் கட்டுவது, கோப்பு எடுத்துக் கொடுப்பது எல்லாம் முடித்தாலும் முடிக்காவிட்டாலும், காலை எட்டரைக்கு வளாகத்து மூலையில் இருக்கும் மழைமானியை மட்டும் அவள் திறந்தாக வேண்டும். தண்ணீர் இருந்தால் கண்ணாடிக் குவளையில் ஊற்றி, இத்தனை மில்லிமீட்டர் என்று மாவட்ட அலுவலகத்துக்குப் போனில் சொல்ல வேண்டும். இருபது வருஷத்தில் பெரும்பாலான நாள் அவள் சொன்னது ஒரே எண்தான்: பூஜ்யம். சலிக்காமல் சொன்னாள். ஒருநாள்கூடத் திறந்து பார்க்காமல் சொன்னதில்லை.

மகள் சத்யபிரியாவுக்கு வங்கி வேலை. போன வருஷம் ஹிமாச்சலுக்கு மாற்றலானாள். "ஒரு தடவ வந்து பாரும்மா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். மார்ச் மாதம் பத்து நாள் விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு ஆவுடைத்தாய் ரயிலேறினாள்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் பக்கத்துத் தேசியப் பூங்காவுக்குப் போனார்கள். அங்கே வண்டி போகாது, நடைதான். அனுமதிச் சீட்டு வாங்கியதும் தாபே ராம் என்ற உள்ளூர் வழிகாட்டி கூட வந்தார். வற்றிய உடம்பு, மலையாடு மாதிரி நடை. மகளின் பழைய பூட்ஸுக்குள் இரண்டு ஜோடி சாக்ஸ், சேலைக்கு மேலே ஆண்கள் ஜெர்கின், தலையில் குரங்குக்குல்லா என்று ஆவுடைத்தாய் பின்னால் போனாள். ஒரு பக்கம் ஆறு இரைந்துகொண்டு ஓடியது. தேவதாரு மரங்களின் கீழே முதலில் திட்டுத்திட்டாக வெள்ளை தெரிந்தது. ஒரு வளைவு தாண்டியதும் பாதையையே காணோம், எங்கும் பனி.

முந்தின இரவு பெய்த பனி அது. அவள் கையை விட்டுப் பார்த்தாள். நாக்கில் வைத்துப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "ஏ சத்யா, நேத்து எத்தன மில்லிமீட்டர் பேஞ்சுச்சுன்னு அவுககிட்ட கேளு."

சத்யபிரியா இந்தியில் கேட்டாள். தாபே ராம் சிரித்துக்கொண்டே தன் முழங்காலைத் தொட்டுக் காட்டினார்.

"முட்டியளவுன்னா, அது தண்ணியா எம்புட்டு?"

அது அவருக்குத் தெரியவில்லை. யாரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லையாம்.

வனத்துறைக் குடிசை வாசலில் உட்கார்ந்து புளிச்சாதம் சாப்பிட்டார்கள். சாப்பிட்டதும் ஆவுடைத்தாய் சாப்பாட்டு டப்பாவைக் கழுவி, அமுக்காமல் புதுப்பனியை அள்ளி நிரப்பி, விளிம்போடு கையால் வழித்துவிட்டாள்.

"ஏம்மா, இங்கயும் வந்து ஆபீஸ் வேலையா?"

"சும்மா இருடி. தெரிஞ்சுக்கிறணும்ல."

தாபே ராம் டீ போட அடுப்புப் பற்றவைத்திருந்தார். டப்பாவை அப்படியே தீயில் வைக்க அவள் விடவில்லை. ஆவியாய்ப் போய்விட்டால் கணக்குத் தப்பும். வெந்நீர்ச் சட்டிக்குள் டப்பாவை இறக்கி, மூடி போட்டுக் காத்திருந்தாள். திறந்து விரல் விட்டுப் பார்த்தபோது முகம் சுருங்கிவிட்டது. ஆறு விரல் ஆழ டப்பாவில் அரை விரல் தண்ணீர் கிடந்தது.

"இம்புட்டுத்தானா! மலையே மூடிக் கெடக்கு, உள்ள வெறுங்காத்துதானா?"

மகள் அதைச் சொன்னதும் தாபே ராம் எழுந்தார். டப்பாவை வாங்கிக்கொண்டு போய், ஒரு மரத்தடியில் மேல்பனியை விலக்கி, அடியில் மாதக்கணக்காய் இறுகிக் கிடந்த பழைய பனியை வெட்டி நிரப்பிக் கொண்டுவந்தார். மறுபடி வெந்நீர்ச் சட்டி. இந்த முறை மூன்று பேருமே அதைச் சுற்றிக் குந்தியிருந்தார்கள். டீ ஆறிப்போனது. திறந்தால் இரண்டு விரல் தண்ணீர்! தாபே ராமே முதலில் விரல் விட்டுப் பார்த்தார். பிறகு மகளிடம் என்னவோ படபடவென்று பேசினார்.

"நாப்பது வருசமா இதுமேல நடக்காராம். அடியில இம்புட்டுத் தண்ணி இருக்கும்னு நெனக்கவே இல்லையாம்."

"இதெல்லாம் எப்ப உருகும்னு கேளு."

வெயில் ஏற ஏறக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும் என்றார் அவர். ஜூன், ஜூலையில் ஆற்றைப் பார்க்க வேண்டுமாம். அதற்கு முன்னால் இப்போது ஓடுவதெல்லாம் ஒன்றுமே இல்லையாம். ஆவுடைத்தாய் திரும்பி ஆற்றைப் பார்த்தாள். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. மழையே இல்லாத நாளில் இத்தனை தண்ணீர் ஓடுவதை அவள் கண்டதில்லை. ஊரில் ஒரு மழை அடித்தால் அன்றைக்கே கண்மாய்க்கு ஓடிவிடும். கோடைக்குள் கண்மாயும் வற்றி வெடித்துவிடும்.

இறங்கும்போது மூன்று தடவை வழுக்கி விழுந்தாள். மூன்றாவது தடவை எழுந்திருக்கவே இல்லை. பதறி ஓடிவந்த மகளைக் கையமர்த்தினாள். காதைப் பனியோடு ஒட்டிவைத்திருந்தாள்.

"சத்தம் போடாத. கீழ ஓடுது."

சத்யபிரியாவும் பக்கத்தில் படுத்துக் காதை வைத்தாள். மெல்லிய சலசலப்பு கேட்டது. ஜெர்கின் நனைய நனைய இருவரும் அப்படியே கிடந்தார்கள்.

ஊர் திரும்பி வேலைக்குப் போன அன்றே, மேசைக்கு எதிரில் நின்று ஜூலைக்கு இன்னும் பத்து நாள் விடுப்புக் கேட்டாள் ஆவுடைத்தாய். "இப்பத்தானக்கா போயிட்டு வந்தீக, அங்க என்ன சோலி?" என்றார் பிரிவு அலுவலர் உதயகுமார்.

"பாதிதான் சார் பாத்திருக்கேன்" என்றாள் அவள்.