அரை நாள் வேலை

சுபஹுத் தொழுகை முடிந்து சற்று நேரத்தில், ஆதம்பாவா மேசன் மௌத்தான செய்தியைப் பள்ளிவாசல் ஒலிபெருக்கி அறிவித்தது. அவருடைய வீட்டு வளவுக்கும் என் வளவுக்கும் இடையில் ஒரே மதில். முதல் நாள் மாலை அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதுகூட எனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டு மரணத்தை ஊரோடு ஊராக ஒலிபெருக்கியில் கேட்டுத் தெரிந்துகொள்ளும் அளவுக்குத்தான் நான் அயலவனாக இருந்திருக்கிறேன்.

இதை வாசிக்கும் உங்களில் பலர் அவர் கட்டிய வீடுகளில் இருப்பவர்கள். வேலை முடிந்த இடத்தில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு, அது எங்கே போகிறது என்று கடைசிச் சொட்டு வரை குந்தியிருந்து பார்ப்பார். "காய்ஞ்ச நாளையில எல்லா வேலயும் நல்ல வேலதான். மழ வந்துதான் சொல்லணும்" என்பார். அதே மனிதரின் முற்றத்தில் மாரி காலத்தில் தண்ணீர் தேங்கி நின்றதையும் பார்த்திருப்பீர்கள். தேநீர்க்கடையில் ஒருவர், "ஊரெல்லாம் தண்ணி வடிய வெக்கிற மேசன்ட வளவுல குளம் கிடக்கு. மீன் வளக்கிறாரோ?" என்று கேட்டபோது கடையே சிரித்தது. "ஓம், கொஞ்சம் குஞ்சு விடத்தான் யோசிக்கன்" என்று அவரும் சிரித்தார். நானும் அங்கேதான் இருந்தேன். நானும் சேர்ந்து சிரித்தேன்.

அந்தத் தண்ணீர் என்னுடைய வளவுத் தண்ணீர். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான்கு வருடங்களுக்கு முன் மகளுக்குச் சீதனமாக, நாங்களும் அவளோடு இருக்கும் இந்த வீட்டைக் கட்டினேன். கிறவல் மண் கொட்டி வளவை இரண்டடி உயர்த்தியதில் அவருடைய வளவு பள்ளமாகிப் போனது. வீட்டைச் சுற்றிக் கொங்கிறீட் நடைபாதை போடவும் அவரைத்தான் பிடித்தேன். "வீட்டுச் சுவர்ல இருந்து மதில் பக்கம் சரிவு வெப்பம் சேர். மதிலோரத்தால தண்ணிய எடுத்து, முன் முத்தத்தால றோட்டுக் கானுக்கு உட்டுருவம்" என்றார். முன் முற்றத்தில் பதிக்கக் கற்கள் வந்து இறங்கியிருந்தன. மாப்பிள்ளை வீட்டார் வீடு பார்க்க வரும் நாளும் நெருங்கிவிட்டது. வாசலில் தண்ணீர் ஓடும் கானும் கம்பி மூடியும் கிடந்தால் அழகு கெடும் என்பது என் கவலை.

"மதிலடியில ரெண்டு ஓட்ட போடுங்க. உங்கட பக்கம் மணல்தானே, உறிஞ்சிரும். கலியாணம் முடியட்டும், புறகு கான் வெட்டுவம்" என்றேன்.

தன் வளவைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. "சேர் எப்ப சொன்னாலும் அர நாள் வேலதான்" என்றார். பதித்த கல்லைக் கிளப்பிக் குழாய் போடுவது எப்படி அரை நாளில் முடியும் என்று நான் கேட்கவில்லை. செய்யும் எண்ணம் இருப்பவன்தானே அதைக் கேட்பான். பாதை காய்ந்த பிறகு, மதிலோரம் மட்டும் உள்ளங்கை போலக் குழிந்திருப்பதைக் காட்டிக் குறை சொன்னேன். "கிடக்கட்டும் சேர், தேவப்படும்" என்று சொல்லிவிட்டார்.

கலியாணம் முடிந்தது. வந்தவர்கள் எல்லாரும் முற்றத்தைப் புகழ்ந்தார்கள். முதல் மாரியில் ஒரு காலை, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு என் வாசலுக்கு வந்தார். முழங்கால் வரை நனைந்திருந்தது. கானைப் பற்றித்தான் கேட்கப்போகிறார் என்று மனதுக்குள் ஒரு சாட்டுத் தேடிக்கொண்டேன். அவரோ, "பாதையில எங்கயும் தண்ணி நிக்குதா சேர்?" என்று மட்டும் கேட்டார்.

"ஒரு சொட்டு நிக்கல மேசன்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார். தன் வீட்டு வாசல் வரை வரிசையாகப் போட்டிருந்த கற்களில் கால் வைத்து வைத்துப் போனார். நான் கையில் தேநீரோடு பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவருடைய ஜனாஸா வீட்டுக்கு வந்த நேரம் மழை விட்டிருந்தது. ஆனால், குளிப்பாட்டக் கட்டில் வைப்பதற்கு அவருடைய வளவில் காய்ந்த இடம் இல்லை. பள்ளிவாசல் நிருவாகத்து மரைக்காயர் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "சேர்ட வளவு காய்ஞ்சு கிடக்கே. அங்க கொண்டு போவமா?" என்றார். என் நடைபாதையில் சேலைகளால் மறைப்புக் கட்டி, அவர் போட்ட கொங்கிறீட்டின் மேலேயே அவரைக் குளிப்பாட்டினோம். தண்ணீர் மொண்டு கொடுத்தவன் நான். அது எங்கும் தேங்காமல் அவர் வைத்த சரிவில் இறங்கி, மதிலடி ஓட்டைகளுக்குள் நுழைந்து, அவருடைய முற்றத்துக்கே போனது. அதையும் அங்கேதான் அனுப்பினேன். நான் தலை நிமிராமல் மொண்டுகொண்டிருந்ததைப் பார்த்தவர்கள் துக்கம் என்று நினைத்திருப்பார்கள். அது வெட்கம்.

மூன்றாம் நாள் அவருடைய மகனைக் கூப்பிட்டேன். அவரும் மேசன்தான். கான் வெட்ட வேண்டும், முன் முற்றம் முழுவதையும் உடைத்தாலும் பரவாயில்லை என்றேன்.

"உடைக்கத் தேவல்ல சேர்" என்றவர், நடைபாதை முன் முற்றத்தைத் தொடும் மூலையில் குந்தி, உளியால் மெல்லத் தட்டினார். மேலே பூசியிருந்த மெல்லிய சீமெந்து உடைந்தது. உள்ளே பொலித்தீன் சுற்றி நூலால் கட்டிய ஒரு குழாய் மூடி இருந்தது.

"நீங்க கலியாணச் சாமான் எடுக்கக் கொழும்புக்குப் போன நாள், கல் பதிக்க முதல் வாப்பா குழாயப் போட்டுட்டார். றோட்டுக் கான் வரைக்கும் கிடக்கு. இந்த மூடியக் கழட்டி, ஓட்ட ரெண்டையும் அடைச்சாச் சரி."

"ஏன் என்னட்டச் சொல்லல்ல?"

"நாங்களும் அதத்தான் கேட்டம் சேர். 'அவர் புறகு செய்வம் எண்டவர். அவர் வாயால சொல்லட்டும்' எண்டார்."

ஓட்டைகளை அடைத்து, ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார். நான் குறை சொன்ன அந்தக் குழிவால் ஓடி, குழாய்க்குள் இறங்கி, அது வீதிக் கானில் விழுந்தது. நண்பகல் லுஹர் பாங்கு சொல்லும்போது வேலை முடிந்திருந்தது. நான்கு மாரியாக நான் கொடுக்காத அரை நாள்.

தேநீர்க்கடையில் சிரித்தவர்களுக்குச் சொல்கிறேன்: ஆதம்பாவா மேசனின் முற்றத்தில் நின்ற தண்ணீர் அவருடைய வேலைப் பிழை அல்ல. அன்று என்னை நோக்கி ஒரு விரலை நீட்டியிருந்தால் அவருடைய பெயர் தப்பியிருக்கும். அவர் நீட்டவில்லை. அல்லாஹ் அவருடைய கபுறை விசாலமாக்கட்டும்.

அந்தக் குழாய் மூடி இப்போது என் மேசையில் இருக்கிறது. அதைச் சுற்றியிருந்த பொலித்தீனையும் நூலையும் எறியாமல் வைத்திருக்கிறேன். நூலை அவர் இறுக்கி முடிச்சுப் போடவில்லை. ஒரே இழுப்பில் அவிழும்படி சுருக்குத்தான் போட்டிருந்தார். நான் சீக்கிரம் கூப்பிடுவேன் என்று நம்பியிருக்கிறார்.