ஐந்தாவது கட்டம்

கொஞ்ச நாளைக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, லேப்டாப்பும் கையுமாக உட்கார்ந்தேன். வேறொன்றுமில்லை – பிரவுசரில் புதிய டேப் திறந்தால் வரும் பக்கம் இருக்கிறதே, அதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தலாம் என்றுதான்.

உங்களுக்கும் தெரிந்திருக்கும். நடுவில் ஒரு தேடல் பெட்டி, அதற்குக் கீழே சின்னச் சின்னக் கட்டங்கள். நமக்கு வேண்டிய தளங்களை அந்தக் கட்டங்களில் நிலையாகப் பொருத்தி வைத்துக்கொண்டால், ஒவ்வொரு முறையும் முகவரியைத் தட்டிக்கொண்டிருக்க வேண்டாம். ஒரு கிளிக். போய்விடலாம்.

என் மெயில், கரண்ட் பில், ரயில் டிக்கெட், மனைவி மல்லிகாவுக்கு அவள் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத் தளம் – நான்கையும் வரிசையாகப் பொருத்தினேன். மிச்சக் கட்டங்களை பிரவுசரே நிரப்பிக்கொள்ளும். அந்த லேப்டாப்பில் எந்தத் தளத்துக்கு அடிக்கடி போகிறார்களோ, அது தானாக அங்கே வந்து உட்காரும். அடிக்கடி போகப் போக முன்னால் நகரும்.

அப்படி வந்து உட்கார்ந்த ஒன்றைப் பார்த்துத்தான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

பட்டா, சிட்டா பார்க்கும் அரசாங்கத் தளம்.

எப்போதோ ஒருமுறை நகல் எடுத்ததோடு சரி, அதற்கப்புறம் நான் அங்கே போகவே இல்லை. மல்லிகாவிடம் கேட்டேன். "எனக்கு எதுக்குங்க பட்டா? ஸ்கூல் வேலையே தலைக்கு மேல கெடக்குது" என்றாள். ஒரு நிமிடம் அவள் மீதும் சந்தேகம் வந்ததை இங்கே ஒப்புக்கொள்கிறேன். இந்தப் பத்தியை அவள் தவறாமல் படிப்பாள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

எங்கள் குடும்பத்துக்கு என்று இருப்பது ஒரே நிலம்தான். காரிமங்கலம் பக்கத்தில், மானாவாரி பூமி. அப்பா சம்பாதித்த காலத்தில் அதில் போர் போட்டு மாமரம் வைத்தார். பட்டா அவர் பெயரில் இருக்கிறது. எனக்கும் தம்பி குமரேசனுக்கும் இன்னும் பாகம் பிரிக்கவில்லை. அதைப் பற்றி யாரும் பேசியதும் இல்லை. ஆனால் அந்தப் பக்கமாகப் புதிதாக ரோடு வரப்போகிறது என்று ஒரு பேச்சு கிளம்பியதிலிருந்து... எப்படிச் சொல்வது? எல்லோரும் அதைப் பற்றிப் பேசாமல் இருப்பதில் ஒரு கவனம் கூடியிருந்தது.

ஹிஸ்டரியைப் பார்த்தால் தெரிந்துவிடாதா என்று நீங்கள் கேட்கலாம். பார்த்தேன். பெரும்பாலும் பகல் பதினொரு மணி வாக்கில் அந்தத் தளம் திறக்கப்பட்டிருந்தது. அந்த நேரத்தில் மல்லிகா பள்ளிக்கூடத்தில் இருப்பாள். நான் லைப்ரரிக்குப் போயிருப்பேன். எங்கள் தருமபுரி வீட்டில் அப்பா மட்டும்தான் இருப்பார்.

அப்பாவா? கண்புரை ஆபரேஷன் ஆனதிலிருந்து பேப்பரில் தலைப்புச் செய்தியைக்கூட என்னைத்தான் படிக்கச் சொல்கிறார். போன் அடித்தால், "இத எந்தப் பக்கம் தள்ளணும்டா?" என்று கேட்பவர். அவரைப் பட்டியலில் சேர்க்கவே இல்லை.

அப்போதுதான் ஒரு விஷயம் உறைத்தது. இந்த லேப்டாப் குமரேசனுடையது. ஓசூரில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறான். புதிதாக ஒன்று வாங்கியபோது பழையதை எனக்குக் கொடுத்தான். பிரவுசரில் அவனுடைய கணக்கே இன்னும் இருந்தது. நான் மாற்றவில்லை. எதற்கு மாற்ற வேண்டும்? தம்பிதானே.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் பாய் எனக்குப் பழக்கம். வேறு யாருக்காகவோ கேட்பது போலக் கேட்டேன். ஒருத்தர் ஓசூரில் பார்ப்பது தருமபுரியில் தெரியுமா?

"ஒரே அக்கவுண்ட்டா இருந்தா எங்க பாத்தாலும் தெரியுங்க சார்" என்றார்.

போதாதா? ஆபீசில் டீ குடிக்கும் நேரம் பதினொரு மணி. குமரேசன் அங்கே உட்கார்ந்து பட்டா பார்க்கிறான். அது இங்கே வந்து நிற்கிறது. நான் முடிவே கட்டிவிட்டேன்.

மல்லிகாவிடம் சொன்னதுதான் தப்பு. அவள் இன்னொன்றை எடுத்துக் கொடுத்தாள்.

"ஆவணி மாசம் வந்தப்ப உங்க தம்பி தனியா நெலத்துக்குப் போயிட்டு வந்தாருல்ல... எதுக்குன்னு கேட்டீங்களா?"

கேட்டிருந்தேன். மாமரம் பூ விட்டிருக்கிறதா என்று பார்த்து வந்ததாகச் சொன்னான். நானும் தலையாட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். ஆவணியில் எந்த மாமரம் பூ விடும்? தை மாசி ஆக வேண்டாமா? விவசாயக் குடும்பத்தில் பிறந்து அந்தப் பொய்யை அவன் சொன்னதும் ஆச்சரியம். நான் நம்பியது அதைவிட ஆச்சரியம்.

அதற்கப்புறம் வந்த நாட்களை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. காலையில் எழுந்ததும் முதல் வேலையாக ஒரு புதிய டேப் திறப்பேன். அந்தக் கட்டம் எங்கே இருக்கிறது என்று பார்ப்பேன். முதலில் வரிசையின் கடைசியில் இருந்தது. பிறகு ஒரு இடம் முன்னால் வந்தது. இன்னொரு இடம். கடைசியில் நான் பொருத்தி வைத்த நான்கு கட்டங்களுக்கும் அடுத்தபடியாக, ஐந்தாவதாக வந்து ஒட்டிக்கொண்டது. யாரோ நம் வீட்டு வாசலை நோக்கி மெல்ல நடந்து வருவது மாதிரி.

வேகமாகப் போவதற்காக நான் செய்து வைத்த பக்கம். ஆனால் அதைத் திறந்ததும் வேறு எங்கும் போகத் தோன்றவில்லை. அதையே முறைத்துக்கொண்டிருந்தேன்.

தம்பியிடம் போனில் பேசுவேன். சாப்பாடு ஆச்சா, பையன் படிக்கிறானா... எல்லாம் கேட்பேன். இதை மட்டும் கேட்க மாட்டேன். அவன் சாதாரணமாகப் பேசினால் நடிக்கிறான் என்று தோன்றும். சீக்கிரம் வைத்துவிட்டால் மறைக்கிறான் என்று தோன்றும். அப்பாவைப் பற்றி விசாரித்தால் – இப்போது என்ன திடீர் அக்கறை? சந்தேகப்பட முடிவு செய்துவிட்டால் எதிராளி மூச்சு விடுவதுகூட சாட்சிதான்.

போன ஞாயிற்றுக்கு முந்தைய ஞாயிறு அவனே வந்தான். எப்போதும் போல அப்பாவுக்கு ஓசூரிலிருந்து பிரெட்டும் பிஸ்கட்டும் வாங்கி வந்திருந்தான். மத்தியானச் சாப்பாடு முடிந்து அப்பா உள்ளறையில் படுத்தார். இதுதான் சமயம். பிரின்டர் சரியாக வேலை செய்யவில்லை, வந்து பார் என்று கூப்பிட்டு லேப்டாப் முன்னால் உட்கார வைத்தேன். அவன் கண்ணெதிரே ஒரு புதிய டேப் திறந்தேன். திரையைப் பார்க்காமல் அவன் முகத்தையே பார்த்தேன்.

அவன் அந்தக் கட்டத்தைப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான். திருடன் மாதிரி இல்லை. போலீஸ் மாதிரி.

"இத எதுக்குண்ணா எங்கிட்டக் காட்டற?"

"சும்மாதான். யாரோ தினம் பாக்கறாங்க போல இருக்குது."

"யாரோவா?" குமரேசன் நாற்காலியைத் திருப்பினான். "ஓசூர்ல என் லேப்டாப்லயும் இது வருதுண்ணா. நான் ஒரு நாளும் தொறந்ததில்ல. நீ எதுக்கு தினம் அப்பா பட்டாவ எடுத்துப் பாக்கறேன்னு கேக்கறதா, விடறதான்னு நானே தவிச்சுகிட்டு இருக்கறேன்."

பாய் சொன்னதில் பாதியைத்தான் நான் காதில் வாங்கியிருக்கிறேன். ஒரே கணக்கு என்றால் அவன் பார்ப்பது எனக்குத் தெரியும், சரி. இங்கே பார்ப்பது அவனுக்கும் தெரியும் அல்லவா? அதை யோசிக்கவே இல்லை. நான் அவனைக் கண்காணித்த அத்தனை நாளும் அவன் என்னைக் கண்காணித்திருக்கிறான்.

அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். நான் விடவில்லை. ஆவணி மாம்பூ என்ன ஆயிற்று என்று கேட்டேன். அவன் முகம் சிவந்துவிட்டது.

"எல்லக்கல்லு எடத்துல இருக்குதான்னு பாக்கப் போனேன். போதுமா? நீ அளந்து கிளந்து வித்துட்டியோன்னு பயந்துட்டுப் போனேன்."

"நானா?"

"அப்பா உங்கிட்ட இருக்கறாரு. கையெழுத்துப் போடுங்கன்னு நீ ஒரு பேப்பர நீட்டினா படிக்காமப் போட்டுக் குடுப்பாரு. எனக்கு எப்படித் தெரியும்?"

அந்த வார்த்தைதான் என்னைச் சுட்டது. அப்பாவைக் கூட வைத்துக்கொண்டிருப்பதற்கு இப்படி ஒரு அர்த்தம் இருக்க முடியும் என்று நான் நினைத்ததே இல்லை. நானும் சொல்லக் கூடாத ஒன்றைச் சொன்னேன். மாதம் ஒரு தடவை பிரெட் வாங்கி வருகிறவனுக்கு அப்பாவைப் பற்றி என்ன தெரியும் என்றேன். குமரேசன் எழுந்து பையை எடுத்துவிட்டான். சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. இன்னும் இரண்டு நிமிடம் போயிருந்தால் அவன் பஸ் ஏறியிருப்பான். பிறகு எங்களைச் சேர்த்து வைக்க யாராவது கல்யாணமோ கருமாதியோ வர வேண்டியிருக்கும்.

உள்ளறைக் கதவு திறந்தது. அப்பா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

"எதுக்குடா வூட்டுக்குள்ள இந்தச் சத்தம்? பட்டாவா? அத நாந்தான் பாக்கறேன்."

இருவரும் ஒரே நேரத்தில் அவர் பக்கம் திரும்பினோம்.

அப்பா அரசு பஸ்ஸில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். சேலம் ரோட்டிலும் அரூர் ரோட்டிலும் பஸ்ஸை நிறுத்தி ஏறி, ஒவ்வொருவரிடமும் டிக்கெட் கேட்டவர். அதே நடையில் வந்து லேப்டாப் முன்னால் உட்கார்ந்தார். கண்ணாடியைத் தேடவில்லை. ஐந்தாவது கட்டத்தில் ஒரு கிளிக். மாவட்டம், வட்டம், கிராமம் – ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்தார். சர்வே எண்ணை மனப்பாடமாக ஒற்றை விரலில் தட்டினார். அவர் போனுக்கு ஓடிபி வந்தது. எந்தப் பக்கம் தள்ளணும் என்று யாரையும் கேட்கவில்லை. தானே பார்த்து, தானே போட்டார்.

பக்கம் திறந்தது. உரிமையாளர் பெயர் என்ற இடத்தில் விரலை வைத்து, தன் பெயரை மனதுக்குள் ஒரு முறை படித்தார். தோள் லேசாக இறங்கியது.

"இருக்குது" என்றார்.

அந்த ஒரு சொல்லை அவர் சொன்ன விதம் எனக்குப் பல நாள் மறக்காது. எதிர்பார்த்த ஒருவர் பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டது போலச் சொன்னார்.

மெதுவாக விஷயம் வெளியே வந்தது. தீர்த்தமலைப் பக்கத்தில் அவருடன் வேலை பார்த்த டிரைவர் ஒருவர் இருந்தார். அவர் பையன் ஏதோ பென்ஷன் காகிதம் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கியிருக்கிறான். நிலம் கைமாறியது அவருக்குத் தெரியாது. வாங்கியவன் ஜேசிபி கொண்டுவந்து நிறுத்தியபோதுதான் தெரிந்தது. இதைக் கேட்ட நாளிலிருந்து அப்பா தினமும் பார்க்கிறார். முன்பு ஒருமுறை நான் பட்டா நகல் எடுத்தபோது பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் மனதில் வாங்கிக்கொண்டாராம். நான் கட்டங்களை அடுக்கி வைத்ததும் வேலை சுலபமாகிவிட்டதாம். "நீ பண்ணி வச்ச பக்கம் நல்ல சௌகரியம்டா" என்று பாராட்டு வேறு.

போனைக்கூடத் தள்ளத் தெரியாது என்றீர்களே என்று கேட்டேன்.

"தெரியும்னு சொன்னா நீ பாஸ்வேர்ட மாத்திருவியே."

குமரேசன் பையைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"எங்க மேலயே சந்தேகமாப்பா?"

அப்பா அவனைத் திரும்பிப் பார்த்தார்.

"பஸ்ல ஏறி எல்லாருகிட்டயும் டிக்கெட் கேட்டேன். எல்லாரும் திருடனுங்கன்னு நெனச்சா கேட்டேன்? கேக்கறது வேல, கேட்டேன். யாரு மூஞ்சியப் பாத்தும் நான் ஒண்ணும் முடிவு பண்ணினதில்ல. டிக்கெட்டப் பாத்தா அடுத்த ஆளுகிட்டப் போயிருவேன்."

எழுந்து மறுபடி படுக்கப் போய்விட்டார்.

மல்லிகா டீ கொண்டுவந்து வைத்தாள். குடித்தோம். சாயங்காலம் தம்பியை பஸ் ஏற்றிவிடப் போனேன். வழியில் ஒரே ஒரு வார்த்தை பேசினான். "மாம்பூன்னு சொல்லியிருக்கக் கூடாதுண்ணா" என்றான். எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. பிரெட் பற்றிச் சொன்னதற்கு நானும் ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் ஓசூர் பஸ் வந்துவிட்டது.

இன்னும் சொல்லவில்லை. இதை அவன் படிப்பான் என்று நினைக்கிறேன்.

அப்பா எங்களைச் சந்தேகப்பட்டது முதலில் வலித்தது. யோசித்தால், வீட்டில் ஒழுங்காகச் சந்தேகப்பட்டவர் அவர் ஒருவர்தான். சந்தேகம் வந்தது, பட்டாவைப் பார்த்தார், தன் பெயர் இருந்தது, மத்தியானம் நிம்மதியாகத் தூங்கினார். நானும் தம்பியும் என்ன செய்தோம்? அத்தனை நாளில் ஒரே ஒரு தடவையாவது அந்தத் தளத்தைத் திறந்து நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்தோமா? இல்லையே. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். முகத்தில் என்ன தெரியும்? நாம் தேடுவதுதான் தெரியும்.

குமரேசன் தன் கணக்கை அந்த லேப்டாப்பிலிருந்து எடுத்துவிட்டான். நான் எனக்கென்று புதிதாக ஒன்று ஆரம்பித்து, புதிய டேப் பக்கத்தை மறுபடி முதலிலிருந்து அடுக்கினேன். அப்பாவின் பட்டாத் தளத்தை முதல் கட்டத்தில் நிலையாகப் பொருத்தினேன். என் மெயில் இரண்டாவதுக்குப் போய்விட்டது.

நாலைந்து நாளாக அவர் லேப்டாப் பக்கமே வரவில்லை. எனக்கு மனதுக்குள் ஒரு சந்தோஷம். என்னப்பா, எங்கள் மேல் நம்பிக்கை வந்துவிட்டதா என்று கேட்டேன்.

"அதெல்லாம் இல்ல. நெட்டு ரொம்ப ஸ்லோவா இருக்குது. என்னன்னு பாரு."