மாமாவின் தோளில் ஒரு கல்யாணம்

எனக்கு எட்டு வயதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கல்கத்தா பாலிகஞ்ச் வீட்டு மொட்டைமாடியில், யாரையும் கேட்காமல் கொள்ளாமல் கல்யாணம் ஆகிவிட்டது. அதுவும் மணப்பெண்ணாக. அந்த அதிர்ச்சியிலிருந்து நான் மீண்டுவிட்டதாக என் மனைவி நம்புகிறாள். அவள் நம்பிக்கையைக் கெடுப்பானேன்?

எல்லாவற்றுக்கும் மூலகாரணம் மாமாவின் உடம்பு. அம்மாவின் தம்பியான அவர் எங்களோடு தங்கிக்கொண்டு, கிடர்பூரில் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தார். உட்கார்ந்து எழுதியே உருண்டு திரண்ட தேகம். மாடிப்படி ஏறினால் அவர் வருவதற்கு முன்பே அவருடைய மூச்சு மேலே வந்து சேர்ந்துவிடும். "உடம்பைத் தேத்தணும்" என்று தினமும் சொல்வார்; சொல்லிவிட்டு இன்னொரு தோசை கேட்பார்.

அப்போதுதான் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. அவள் என்னைவிட இரண்டு வயது மூத்தவள்; அந்தக் காலத்தில் அதுவே கல்யாண வயது. பிள்ளை வீட்டாருக்கும் கல்கத்தாவில்தான் பாங்கு உத்தியோகம் என்பதால் கல்யாணம் இங்கேயே. மாலை மாற்றும்போது பெண்ணை அவளுடைய மாமாவும், பிள்ளையை அவனுடைய மாமாவும் தோளில் தூக்கிக்கொள்வது எங்கள் வழக்கம். மாலை கழுத்தில் விழாதபடி எதிர்ப்பக்கம் போக்குக் காட்டும். இந்தப் பக்கம் துரத்த வேண்டும். ஊரிலிருந்து வேறு மாமா வர வழியில்லை. பெண்ணைக் கீழே போட்டால் அபசகுனம் என்று சம்பந்திகள் கல்யாணத்தையே நிறுத்திவிடுவார்களே என்று அம்மாவுக்குத் தூக்கம் போயிற்று.

மாமா கலங்கவில்லை. ஒரு ஜோடி கர்லாக்கட்டை வாங்கி வந்தார்.

"அக்கா, கல்யாணத்துக்குள்ள பீமனாயிடறேன் பாரு" என்றார் அம்மாவிடம்.

முதல் சுற்றிலேயே ஒரு கட்டை அவர் கால் கட்டைவிரலில் இறங்கியது. மறுநாள் ஆபீசுக்கு லீவு.

அம்மா மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டே தீர்ப்புச் சொன்னாள்: "பீமனும் வேண்டாம், அனுமாரும் வேண்டாண்டா. என் பொண்ணத் தூக்கிண்டு மாலைமாத்தற பாட்டு முடியற வரைக்கும் நின்னாப் போதும். அதுக்கு என்ன உண்டோ அத மட்டும் பண்ணு."

திட்டமும் அவள் போட்டதுதான். முதலில், நடுவில் நிற்காமல் மாடிப்படி ஏறுவது. அது கைவந்ததும் தண்ணீர்க் குடத்தோடு ஏறுவது. அப்புறம் தோளில் பருப்பு மூட்டை. அதற்கும் அப்புறம், நான். அக்கா என்னைவிடக் கனம், நகைநட்டு வேறு. அந்த வித்தியாசத்துக்கு என் மடியில் ஒரு வெண்கல உருளி. உருளியைக் கட்டிக்கொண்டு நான் தோளில் உட்கார்ந்திருக்க, மாமா பாட்டை முணுமுணுத்தபடி மாடியில் நடப்பார். முதலில் பல்லவியிலேயே முழங்கால் மடங்கிற்று. போகப் போகச் சரணத்தை எட்டினார். தோசையும் ஒன்று குறைந்தது.

பக்கத்து வீட்டு மாடிக்கும் எங்கள் மாடிக்கும் நடுவே இடுப்பளவு சுவர்தான். அந்த வீட்டு வங்காளி தாதா, அதாவது அவர்கள் பாஷையில் அண்ணா, குஸ்தி பழகுகிறவர். நடப்பதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவர் அந்த ஞாயிற்றுக்கிழமை பொறுக்கமாட்டாமல், "ஆரே மாமா, எதிராளி இல்லாம என்ன குஸ்தி?" என்று தன் மகள் கூக்கியைத் தோளில் வைத்துக்கொண்டு சுவரைத் தாண்டி வந்துவிட்டார். இந்த விளையாட்டில் பிள்ளையின் மாமா அவர்; பிள்ளை, கூக்கி; பெண், நான்.

"பட்டு வழுக்கும்டா, அதையும் பழகிக்கோ" என்று அம்மா தன் பழைய பட்டுப்புடவையை எனக்குச் சுற்றிவிட்டாள். சாமிபடத்துச் சாமந்தி மாலைகள் ஆளுக்கொன்று. மாமா முன்னே பாய, தாதா பின்னே நழுவ, நான் உருளியோடு ஆடினேன். கடைசியில் கூக்கியின் மாலை என் கழுத்திலும் என் மாலை அவள் கழுத்திலும் விழுந்தன.

தங்கள் மாடியில் வடாம் காயவைத்துக்கொண்டிருந்த பௌதி, அதாவது கூக்கியின் அம்மா, இதைப் பார்த்தாள். மாலை மாறினால் வங்காளிப் பெண்களுக்கு நாக்கு சும்மா இருக்காது. "உலுலுலுலு" என்று குலவையிட்டாள். சங்கையும் எடுத்து ஊதினாள். ஓடிவந்து என் கன்னத்தைக் கிள்ளி, "ஆமார் பௌமா!" என்றாள். என் மருமகளே!

முந்தின வாரம்தான் எங்கள் தெருவில் ஒரு வங்காளிக் கல்யாணம் பார்த்திருந்தேன். இதே மாலை, இதே குலவை, இதே சங்கு. மறுநாள் அந்தப் பெண்ணைக் கதறக் கதறப் பல்லக்கில் ஏற்றிப் புகுந்த வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆக, நம் சாஸ்திரப்படியும் ஆயிற்று, அவர்கள் சாஸ்திரப்படியும் ஆயிற்று. பெரிய கோர்ட்டுக்குப் போனாலும் விடுதலை கிடையாது. போதாக்குறைக்கு, என் புகுந்த வீட்டு அடுப்பில் கடுகெண்ணெயில் மீன் பொரியும் வாசனை.

குதித்தேன். உருளி ஒரு பக்கம் உருண்டது. நான் ஒரு பக்கம் உருண்டு, படியிறங்கி, அரிசி டின்னுக்குப் பின்னால் போய் ஒடுங்கிக்கொண்டு அலறினேன்.

"நான் போமாட்டேன்! மீனெல்லாம் திங்க மாட்டேன்! என்ன அனுப்பாதேம்மா!"

வீடே சிரித்தது. அத்தனை நாள் சேமித்த மூச்சையெல்லாம் மாமா அன்றைக்கே செலவழித்துவிட்டார். அம்மா என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். "அசடே, இது ஒத்திகைடா, வெறும் விளையாட்டு. ஒன்ன யாரு அனுப்பப்போறா?"

வாசற்படியில் நின்ற அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "அழுதா அனுப்ப மாட்டியாம்மா?" என்று கேட்டாள்.

அம்மாவின் சிரிப்பு நின்றது. "போடி, உருளி எங்க உருண்டுதுன்னு பாரு."

கல்யாணத்தன்று மாமா அசத்திவிட்டார். பிள்ளையின் மாமா நல்ல வாட்டசாட்டம். அவரே இரண்டு தடவை தடுமாறினார். எங்கள் மாமா தூண் மாதிரி நின்றார். ஆனால் கடைசிச் சரணத்தில் அக்கா அவருடைய குடுமியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விசும்ப, அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. பருப்பு மூட்டையில் இன்னும் ஒரு வாரம் பழகியிருக்கலாம் என்று எனக்குப் பட்டது. அக்கா விழுந்துவிடுவாளோ என்ற பீதியில், எனக்குச் சொன்ன மருந்தையே அவளுக்கும் உரக்கச் சொன்னேன்:

"அக்கா, அழாதே! வெறும் ஒத்திகைதான்! ஒன்ன யாரும் அனுப்ப மாட்டா!"

சிரிப்பார்கள் என்று சுற்றிலும் பார்த்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. பாட்டு முடிந்தது. மாமா அக்காவை இறக்கவில்லை. "இறக்குடா, போதும்" என்று அம்மா சொன்னாள், மறுபடியும் சொன்னாள். பாட்டு முடிகிற வரைக்கும் நின்றால் போதும் என்பதுதானே திட்டம்? இந்த மனுஷர் எதற்காக இன்னும் நிற்கிறார் என்று எனக்கு விளங்கவேயில்லை.