பேட்டரியில் அம்மா வைத்த பொட்டு

அண்ணன் வீட்டு மாடிப்படிக்கு அடியில் செத்துப்போன கார் பேட்டரி ஒன்று இருக்கிறது. புதிது மாட்டிய கடைக்காரர் பழையதைக் கேட்டும் அண்ணன் கொடுக்காமல் தூக்கி வந்துவிட்டான். அதன் ஒரு முனைமேல் காய்ந்து வெடித்த சந்தனம், நடுவில் பழுப்பேறிய குங்குமம், குங்குமத்தில் விரல் அழுந்திய ஒரு சின்னக் குழி. அது எங்கள் அம்மாவின் மோதிர விரல்.

அண்ணனுக்கு மூக்கண்டப்பள்ளியில் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் எலக்ட்ரீஷியன் வேலை. ஆயுத பூஜைக்குக் கம்பெனிக்குள் குடும்பத்தாரை விடுவார்கள். அந்த வருஷம் அம்மாவும் போனாள். மோட்டாருக்கும் ஸ்விட்ச் பெட்டிக்கும்கூடப் பொட்டு வைத்திருப்பதைப் பார்த்துவிட்டு வந்தவளுக்கு வீட்டுக் காரின் முகப்பில் மட்டும் பூவும் பொட்டுமாக இருந்தது போதவில்லை. பானெட்டைத் திறக்கச் சொல்லி நின்றாள். "முகத்துக்கு வெச்சா ஆச்சா? உசுரு இருக்கற எடத்துல வெக்க வேணாமா?" என்றாள். அண்ணன் சிரித்துக்கொண்டே பேட்டரியைக் காட்டினான். அம்மா எதைச் செய்தாலும் தாராளம்தான். இரண்டு முனைகளுக்கும் சந்தனத்தை அள்ளி அப்பி, நடுவில் குங்குமம் வைத்தாள். பிளஸ், மைனஸ் என்று பொறித்திருந்த குறிகள் அதற்குள் மறைந்துபோயின. பிளஸ் முனைக்கு இருக்க வேண்டிய சிவப்பு மூடி எப்போதோ தொலைந்திருந்தது. அண்ணன் எதையும் துடைக்கவில்லை. அம்மா வைத்ததைத் துடைக்க அவனுக்கு எப்படி மனசு வரும்?

பூஜை முடிந்து அம்மா கிருஷ்ணகிரியில் என் வீட்டுக்கே திரும்பி வந்தாள். மழைக்காலம் முடிவதற்குள் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஒரு காலையில் டாக்டர் என்னைத் தனியே அழைத்து, வரவேண்டியவர்களை வரச்சொல்லிவிடும்படி சொன்னார். அண்ணனுக்குப் போன் செய்தேன். இதோ கிளம்பிட்டேன் என்றான். கீயைத் திருப்பினால் டக்கென்று ஒரு சத்தம், அதற்குமேல் ஒன்றுமில்லை. பேட்டரி இறங்கிவிட்டது என்று நினைத்து, எதிர்வீட்டுக்காரரின் காரைப் பக்கத்தில் நிறுத்தச் சொல்லி அதிலிருந்து கரண்ட் கொடுக்க ஜம்பர் கேபிளை எடுத்திருக்கிறான். ஒரு முனையில் குங்குமம் உதிர்ந்து வெறும் சந்தனம். மற்றதில் பொட்டு செக்கச் செவேலென்று இருந்திருக்கிறது. தினமும் சிவப்பு ஒயரையும் கருப்பு ஒயரையும் பிரித்துப் பார்த்தே பிழைக்கிறவன். கண் சிவப்பைப் பார்த்தது, கை சிவப்புக் கிளிப்பை அங்கே கடிக்கவிட்டது. அது மைனஸ். பொறி பறந்து, புகை வந்து, அதன்பிறகு அவன் காரில் ஒரு விளக்குகூட எரியவில்லை. காரை அப்படியே போட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினான்.

இங்கே அம்மா கதவையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். "பெரியவன் கெளம்பிட்டானா கண்ணு?" என்று கேட்டாள். பாதி வழியில் இருக்கும் சூளகிரியைத் தாண்டிவிட்டான் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி கேட்டாள், மறுபடி அதையே சொன்னேன். மூன்றாம் முறை அவள் கேட்கவில்லை. நான் அண்ணனுக்குச் சொல்லக் கூப்பிட்டபோது அவன் பஸ் நிஜமாகவே சூளகிரியில் லாரிகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தது.

காரியம் முடியும்வரை எங்கள் சொந்தக்காரர்கள் மூக்கண்டப்பள்ளியில் அண்ணன் வீட்டில்தான் இருந்தார்கள். அண்ணன் யாரோடும் பேசாமல் காருக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தான். பெற்றவள் போன ஈரம் காயவில்லை, வண்டியை நோண்டுகிறான் பார் என்று பேசினார்கள். எனக்கும் எரிச்சலாகத்தான் இருந்தது. மெயின் ஃபியூஸ் உருகியிருந்ததைக் கண்டுபிடித்து மாற்றினான். சார்ஜ் ஏற்றுகிற ஆல்டர்நேட்டர் கருகியிருந்தது. அது தனி வேலை, அது இல்லாமலும் ஒருமுறை ஸ்டார்ட் ஆகவேண்டும் என்றான். ஃபியூஸ் போட்டபிறகும் பழையபடி டக்கென்ற சத்தம்தான். கடைசியாக, பொட்டு உதிர்ந்த பிளஸ் முனையின் சந்தனத்தை வெந்நீர் ஊற்றிக் கழுவினான். அடியில் வெள்ளையாக உப்புப் பூத்துக் கிடந்தது. ஒயரைப் பிடிக்கிற கிளாம்ப்பும் லூசு. சுரண்டித் துடைத்து, ஸ்பேனர் போட்டு இறுக்கி, கீயைத் திருப்பினான்.

கார் ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆனது. அந்தச் சத்தம் கேட்டு, அப்பாடா என்று வெளியே வந்தேன். அண்ணன் ஸ்டியரிங்மேல் தலையைச் சாய்த்து அழுதுகொண்டிருந்தான்.

"பேட்டரி நல்லாத்தான் இருந்திருக்கு பாப்பா. இத தொடச்சு இறுக்கியிருந்தா போதும். அம்மாவப் பாத்திருப்பேன்."

பக்கத்தில் உட்கார்ந்து நானும் அழுதேன். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒன்று சொன்னான். "சந்தனத்தால, பொட்டாலன்னு ஒருத்தர் வாயில வரக்கூடாது. நான் கனெக்சன மாத்திக் குடுத்தேன், அவ்வளவுதான். அப்படியே இருக்கட்டும்."

அப்படியேதான் இருக்கிறது. எங்கள் சொந்தத்தில் கல்யாணமோ காதுகுத்தோ, அண்ணன் தலையைக் கண்டால் இந்தப் பேச்சு வராமல் போகாது. எலக்ட்ரீஷியனாம், சிவப்பு எது கருப்பு எது என்று தெரியவில்லையாம், பெற்றவள் முகத்தைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லையாம். அவன் ஆமாம் என்பதுபோலச் சிரித்துவைப்பான். எனக்கு நாக்கு நுனிவரை வந்து நிற்கும். இப்போது எழுதிவிட்டேன். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

போன ஆயுத பூஜைக்கு அவன் வீட்டில் இருந்தேன். மாமாவும் வந்திருந்தார். "மாப்ள, இந்தத் தடவ பாத்து மாட்டுப்பா" என்று எல்லோர் முன்னாலும் கேலி செய்தார். அண்ணன் வழக்கம்போலச் சிரித்தான். காருக்குப் பொட்டு வைத்தான், பானெட்டைத் திறக்கவில்லை. ஸ்பேனர், டெஸ்டர், மீட்டர் எல்லாவற்றுக்கும் வைத்துவிட்டு, சந்தனக் கிண்ணத்தோடு மாடிப்படிக்கு அடியில் குனிந்தான். பழைய பேட்டரியின் தூசியை மட்டும் வாயால் ஊதினான். கழுவிய பிளஸ் முனைக்குப் புதிதாகச் சந்தனம் தொட்டு, குங்குமம் வைத்தான். மைனஸ் முனைக்கும் கை போனது. அந்தப் பழுப்புப் பொட்டுக்கு மேலே அப்படியே நின்றது.

அதுக்கு வெக்கலையா என்றேன்.

"அதுல அம்மா வெச்சிருக்கு பாப்பா" என்று சொல்லி, விரலில் இருந்த குங்குமத்தை வேட்டியில் துடைத்துக்கொண்டான்.