கடலைப் பொட்டலத்தில் ஃபெர்மினா

ஹவானாவில் ரப்பர் தேய்ப்பதில் இஸ்மாரியை மிஞ்ச ஆள் கிடையாது. வேடாடோ பகுதியில் உள்ள ஒரு கார்ட்டூன் ஸ்டுடியோவில் இருபத்திரண்டு வருடமாக அவளுக்கு ஒரே வேலை. மற்றவர்கள் நீலப் பென்சிலில் கன்னாபின்னாவென்று கிறுக்கித் தருவதை விளக்கு மேசையில் வைத்து, மேலே வெள்ளைத் தாள் போட்டு, கறுப்பில் ஒற்றைக் கோடாகச் சுத்தமாக எடுக்க வேண்டும். ஸ்டுடியோ பாஷையில் இதற்குத் 'துடைப்பது' என்று பெயர். நீலம் படத்தில் விழாது. கறுப்புக் கோடுதான் திரைக்குப் போகும். இஸ்மாரி போட்டால் மயிரிழை பிசகாது என்று ஸ்டுடியோவில் ஒரு பேச்சு உண்டு. பிசகாதுதான். ஆனால் அது அவளுடைய கோடு இல்லையே, பாவம்.

அவள் மகன் ராய்னியர் ஆறு வயதில் டிவி முன்னால் உட்கார்ந்துகொண்டு, "அம்மா, இதுல நீ வரைஞ்சது எது?" என்று கேட்டான். "நான் வரையலடா, துடைச்சுக் குடுத்தேன்" என்றாள். பயல் அதை அப்படியே பிடித்துக்கொண்டான். இப்போது அவனுக்கு இருபத்தாறு வயது, அமெரிக்காவில், டாம்பாவில் ஏசி பழுது பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் வந்தால் முதல் கேள்வி இதுதான்: "என்னம்மா, இந்த வாரம் யாரு கோட்டைத் துடைச்ச?" பாசத்தில் வருகிற கேலிதான். அவளும் "ஓஸ்மெலோடதுடா" என்று சிரிப்பாள். போனை வைத்த பிறகு அந்தச் சிரிப்பு ரொம்ப நேரம் நிற்காது.

போன மார்ச்சில் டைரக்டர் லியோனோர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டாள்.

"தண்ணி லாரி படம் ஒண்ணு எடுக்கப்போறோம், இஸ்மாரி. லாரி ஓட்டுற பொம்பளை பேரு ஃபெர்மினா. அவ எப்படி இருப்பான்னு நீ கண்டுபிடிச்சுக் குடு."

"நானா? எனக்குச் சொந்தமா வரைய வராதுங்க."

"உங்க செர்ரோ பக்கம் குழாய்ல தண்ணி வந்து எத்தனை நாள் ஆச்சு?"

"பதினோரு நாள்."

"அப்போ லாரி வந்தா வாளியத் தூக்கிட்டு முதல்ல நிக்கிறது நீதான். உனக்குத் தெரியாத ஃபெர்மினாவா? திங்கக்கிழமை காட்டு. சரியா வரலைன்னா காமாகுவே ஊர்லேர்ந்து புதுசா ஒரு ஓவியன் வந்திருக்கானே, அவன்கிட்டப் போயிடும். அப்புறம் என்கிட்ட முகத்தைத் தூக்கி வச்சுக்கக் கூடாது."

இஸ்மாரியிடம் இருபத்திரண்டு வருடத்தில் இப்படி ஒருவர் கேட்பது இதுதான் முதல் தடவை. இதை விட்டால் ஓய்வு பெறும் வரை விளக்கு மேசைதான் என்பதும் அவளுக்குத் தெரியும்.

தெரிந்து என்ன செய்ய? மூன்று நாளில் அவள் ஒரே ஒரு ஃபெர்மினாவைத்தான் வரைந்தாள். கண்ணைப் போட்டாள், அழித்தாள். மறுபடி போட்டாள், மறுபடி அழித்தாள். வியாழக்கிழமை காலையில் ரப்பர் தாளையே கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. பக்கத்து மேசை ஓஸ்மெல் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். ஸ்டுடியோவின் மூத்த ஓவியன் அவன், வாய் மட்டும் அடங்காது. எழுந்து வந்து ரப்பரை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"தாயே, நீ ஒரு பொம்பளைய உருவாக்குறியா, இல்ல பாஸ்போர்ட் போட்டோ எடுக்குறியா?"

"கண்ணு மொதல்ல சரியா வரட்டும், ஓஸ்மெல். ரப்பரைக் குடு."

"கண்ணு கடைசில வரும். அவ எப்படி நடப்பா, எப்படி மூச்சு வாங்குவா, எப்படித் திட்டுவா, மொதல்ல அதைக் கிறுக்கு. நூறு ஃபெர்மினா போடு. தொண்ணூறு அசிங்கமா இருக்கணும், இல்லேன்னா நான் ஒத்துக்க மாட்டேன்."

"நூறா? உனக்குப் பைத்தியமா?"

"நீலப் பென்சில்தானே. நீலம் கணக்குல சேராது. பயப்படாமப் போடு."

நீலம் கணக்கில் சேராது. அந்த ஒரு வார்த்தையில் அவள் தோள் இறங்கியது. சேராத விஷயத்துக்கு என்ன பயம்? மணிக்கட்டை விட்டுவிட்டுத் தோளிலிருந்து கையை வீசினாள். முதல் ஃபெர்மினா ஒரு அவகாடோ பழத்துக்குக் கால் முளைத்த மாதிரி வந்தாள். இரண்டாவதுக்குக் கழுத்தே இல்லை. அடுத்தவளுக்குப் பின்புறம் லாரித் தொட்டி அளவுக்கு இருந்தது. ஒருத்தி ஹோஸைத் தோளில் போட்டுக்கொண்டு காபி குடித்தாள். ஒருத்தி மேலே பார்த்து மூன்றாவது மாடிக்காரியோடு சண்டை போட்டாள். முகமே இல்லாத இன்னொருத்தி வெறும் முதுகை வைத்துக்கொண்டே சலித்துக்கொண்டாள். இஸ்மாரிக்குத் தனக்குத்தானே சிரிப்பு வந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் நூற்றுப் பதினெட்டு ஆகிவிட்டது. ஓஸ்மெல் புரட்டிப் பார்த்து, "அசிங்கம் பத்தலை, இருந்தாலும் பொழைச்சுக்குவ" என்றான்.

அங்கேயே விட்டிருக்கலாம். பழக்கம் விடுமா? ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் நூற்றுப் பதினெட்டில் ஒன்றைப் பொறுக்கி எடுத்து, ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, கறுப்பில் அழகாகப் படி எடுத்தாள். மயிரிழை பிசகவில்லை. மீதியை என்ன செய்தாள் தெரியுமா? வாராவாரம் ஸ்டுடியோவின் கழிவுத் தாளை என்ன செய்வாளோ அதையே செய்தாள். கீழ்வீட்டு செனைடாவிடம் கொடுத்துவிட்டாள். செனைடா வறுத்த கடலை விற்பவள். தாளை நீளக் கூம்பாகச் சுருட்டி, கடலையை நிரப்பி, மேல் முனையை மடித்துவிடுவாள். ஊரில் காகிதம் கிடைக்காத காலம், அவளுக்கு அது பெரிய உதவி. படி எடுத்து முடிந்ததும் நீலத் தாள் குப்பைதான் என்று இருபத்திரண்டு வருடம் பழகிய கை வேறு என்ன செய்யும்?

அன்று மத்தியானம் ராய்னியர் கேட்டபோது, "அடுத்த வாரம் சொல்றேன்டா" என்றாள்.

திங்கட்கிழமை லியோனோர் அந்த ஒற்றைத் தாளை ரொம்ப நேரம் பார்த்தாள். பின்னால் நின்ற ஓஸ்மெல் முகம் சுருங்கிப்போனது.

"ஒரு குறையும் சொல்ல முடியல, இஸ்மாரி" என்றாள் லியோனோர். "அதுதான் குறை. இவ நிக்கிறா. நிக்கிறதைத் தவிர வேற எதுவும் செய்யல. கிறுக்கினது எங்க?"

"அது இல்லைங்க."

"இல்லைன்னா?" என்று ஓஸ்மெல் குறுக்கே வந்தான். "நூத்திப் பதினெட்டு இருந்துச்சே. என்ன பண்ணின?"

"கடலை மடிக்கக் குடுத்துட்டேன்."

அறையில் யாரும் சிரிக்கவில்லை. ஓஸ்மெல் தலையில் கை வைத்துக்கொண்டான். லியோனோர் கண்ணாடியைக் கழற்றினாள்.

"புதன்கிழமை வரைக்கும் தரேன். அன்னிக்குத்தான் காமாகுவேக்காரனும் காட்டுறான். அதுக்கு மேல என்னால முடியாது."

சாயங்காலம் இஸ்மாரி பஸ்ஸிலிருந்து இறங்கி ஓட்டமும் நடையுமாகப் போனாள். செர்ரோ மெயின் ரோட்டு பஸ் நிறுத்தத்தில் செனைடா தன் வழக்கமான பலகையில் உட்கார்ந்திருந்தாள்.

"செனைடா, நேத்துக் குடுத்த தாள் இருக்கா?"

"எது, அந்தக் குண்டம்மாவா? எல்லாம் வித்துப்போச்சு கண்ணு. நானே உன்னைக் கேக்கணும்னு இருந்தேன். வாங்கறவ எல்லாம் தின்னுட்டுத் தாளைத் தூக்கிப் போடாம பிரிச்சுப் பிரிச்சுப் பாக்குறா. உனக்கு எது வந்துச்சு, எனக்கு எது வந்துச்சுன்னு மாத்திக்கிறாளுங்க. நம்ம கசாப்புக் கடைக்காரன் கோவமா இருக்குறவளைக் கல்லா மேல ஒட்டி வச்சிருக்கான், அவன் பொண்டாட்டி சாயலாம்."

கூடையின் அடியில் ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது. இஸ்மாரி அதைப் பிரித்தாள். எண்ணெய்க் கறையும் உப்புமாக, முகம் இல்லாத அந்த முதுகுக்காரி. பார்த்ததும் சிரித்துவிட்டாள். யார் வரைந்தது இது, என்ன தைரியம் என்று ஒரு நொடி தோன்றியது. தன் கைதான் என்று உறைத்ததும் கண் நிறைந்துவிட்டது. இத்தனை வருடம் இந்தக் கை எங்கே இருந்தது?

"ஏன் அழறே? கடலை காரமா?" என்றாள் செனைடா. "அழாம ஒரு உபகாரம் பண்ணு. எனக்கு இன்னும் பத்துப் பதினஞ்சு குண்டம்மா போட்டுக் குடு. வெத்துத் தாள் நிறைய கிடக்கு."

இஸ்மாரி பையைத் துழாவினாள். நீலப் பென்சில் இருந்தது. ரப்பர் இன்னும் ஓஸ்மெலின் சட்டைப் பையில்தான்.

பலகையின் ஓரத்தில் உட்கார்ந்து போட ஆரம்பித்தாள். பஸ் வருவதற்குள் ஆள் வாங்கிக்கொண்டு போகவேண்டும், யோசிக்க ஏது நேரம்? "தூங்கற மாதிரி போடு" என்றாள் ஒரு நர்ஸ். "ஸ்டியரிங் மேலயே தூங்கணும்." போட்டாள். "தண்ணி தீந்துபோச்சுன்னு எங்க மாடிக்காரிகிட்டச் சொல்ற மாதிரி ஒண்ணு" என்றார் ஒரு கிழவர். அதையும் போட்டாள். ஒரு கால் கோணலாக வந்தது. அழிக்க வழியில்லை. அந்தக் கோணல் காலை ஊன்றியே ஃபெர்மினாவை ஒரு சாய்ப்புச் சாய்த்து, ஹோஸை இழுக்க வைத்தாள். கிழவர் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு பஸ்ஸையும் விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "இவளை எனக்குத் தெரியும்மா. சாந்தோஸ் சுவாரஸ் பக்கம் லாரி ஓட்டுறவதானே?" என்று சத்தியம் செய்யாத குறையாகக் கேட்டார். இஸ்மாரி இல்லையென்று சொல்லவில்லை. கோணல் காலோடு தனக்கென்று இன்னொன்று போட்டுக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமையும் அங்கேயேதான் உட்கார்ந்தாள். புதன்கிழமை ஸ்டுடியோவுக்கு அவள் கொண்டுபோனது ஒரு பிளாஸ்டிக் வாளி. அதற்குள் முப்பது கடலைப் பொட்டலம். ஒன்றைக்கூடக் கறுப்பில் படி எடுக்கவில்லை. வழியெல்லாம் கை அரித்தது என்பது உண்மை. ஆனால் எடுக்கவில்லை.

காமாகுவேக்காரன் வண்ணத்தில் பன்னிரண்டு பக்கம் காட்டினான். நன்றாகவே இருந்தது, பொய் சொல்லக் கூடாது. அடுத்து இஸ்மாரி வாளியை மேசையில் வைத்து, "சாப்பிட்டுட்டுப் பிரிங்க" என்றாள். 

எல்லோரும் கடலை கொறித்துக்கொண்டே பிரித்தார்கள். ஒருத்தர் சிரித்தார், பக்கத்தில் இருந்தவர் எட்டிப் பார்த்தார், கொஞ்ச நேரத்தில் மேசை முழுக்க ஃபெர்மினாக்கள் ஆகிவிட்டார்கள். சுருண்டுகொண்டே இருந்த தாள்களைக் காபிக் கோப்பை வைத்து அழுத்திப் பிடித்தார்கள். காமாகுவேக்காரனே நாலைத் தன் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டான். லியோனோர் மட்டும் ஒரே தாளைக் கையில் வைத்திருந்தாள். அந்தக் கோணல் கால்.

"இவ இழுக்கறதைப் பாத்தா எனக்கே முதுகு வலிக்குது" என்றாள். "இவதான் ஃபெர்மினா."

இஸ்மாரி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கொஞ்சம் தெளிந்ததும் பழக்கதோஷத்தில், "அப்போ நாளைக்கே கறுப்பில எடுத்துத் தந்துடறேன்" என்றாள்.

"நீ தொடாத" என்றாள் லியோனோர். "நீ துடைச்சா அவ மறுபடியும் நேரா நின்னுடுவா. விளக்கு மேசைல இருக்கிற யுஸ்லேனி எடுக்கட்டும். நீ அவ பக்கத்துல உக்காந்து, எதை எல்லாம் அழிக்கக் கூடாதுன்னு சொல்லு."

ஓஸ்மெல் சட்டைப் பையிலிருந்து ரப்பரை எடுத்து யுஸ்லேனியின் மேசையில் வைத்துவிட்டுப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் அடித்தது. இஸ்மாரி இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"என்னம்மா, இந்த வாரம் யாரு கோட்டைத் துடைச்ச?"

"யாரோடதும் இல்லடா. இந்த வாரம் என் கோட்டை இன்னொருத்தி துடைக்கிறா."

 லைன் கட்டாகிவிட்டதோ என்று அவள் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். கட்டாகவில்லை. டாம்பாவில் அவன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"மெதுவாத் துடைக்கச் சொல்லும்மா" என்றான் ராய்னியர்.

"சொல்லிட்டேன்டா" என்றாள் இஸ்மாரி.